லயமே இருட்டாகும்போது பல்ப் வாங்கப் போவதா?

(காரின் ஒட்சிசன் சென்சர் ஹீட்டர் பழுதைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் பற்றி, தோட்ட சமூக மண்டபத்தில் நடந்த இளைஞர், மாதர் ஞாயிறு கூட்டத்தில் எமது சங்கச் செயற்பாட்டாளரான டீச்சர் ஒருவர் ஆற்றிய உரை.)



போன கூட்டத்தில் சம்பளச் சீட்டை எப்படி வாசிப்பது என்று பேசினோம். இந்த முறை கார் பழுது பற்றிப் பேசப் போகிறேன் என்று தலைவர் அறிவித்ததும் பின்வரிசையில் சில தம்பிமார் சிரித்தார்கள். "டீச்சருக்கு காரைப் பத்தி என்னா தெரியும்" என்ற சிரிப்பு அது. நியாயமான சிரிப்புதான். போன வருசம் வரைக்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாததால் 14,000 ரூபா நட்டப்பட்டேன். அந்தக் கதையையும், அதில் படித்ததையும் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

சங்கக் கூட்டத்தில் எதற்குக் கார் பேச்சு என்று கேட்கலாம். நம்ம தோட்டத்தில் இப்போது எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஈபிஎஃப் காசில் ஓட்டோ வாங்கியிருக்கிறார். ஒருவர் கொழும்பில் கடையில் நின்று சேர்த்த காசில் பழைய வேன் வாங்கியிருக்கிறார். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்த காசில் கார் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். எல்லாம் பழைய வண்டிகள். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருசமும் இருந்த வண்டியையே ஒட்டி ஒட்டி ஓட்டினோம். இன்னமும் ஓட்டுகிறோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால், ஒரு தங்கச்சிக்குப் பிரசவ வலி வந்தால், முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்? கார் வைத்திருப்பவர் வீட்டுக் கதவைத்தான். அந்தக் கார் ஓடாமல் நின்றால் அது சொந்தக்காரருக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை.

சென்சர் என்ன வேலை செய்கிறது?

என் கையில் இருப்பதைப் பாருங்கள். கட்டைவிரல் மொத்தம்தான் இருக்கும். ஒரு பக்கம் மரை, மறு பக்கம் நாலு வயர். இதுதான் ஒட்சிசன் சென்சர். இது பழுதாகிவிட்டது என்று சொல்லி எங்கள் காரிலிருந்து கழற்றியது. இது பழுதாகவே இல்லை என்பதைக் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு அளந்தே காட்டுவேன்.

பெற்றோல் எஞ்சினுக்குள் 1 கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெற்றோல் கூடினால் காசு புகையாகப் போகும். குறைந்தால் எஞ்சின் இழுக்காது. எவ்வளவு பெற்றோல் விடுவது என்று தீர்மானிப்பது காருக்குள் இருக்கும் கொம்பியூட்டர் பெட்டி. அந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது. புகைக் குழாயில் மாட்டியிருக்கும் இந்த சென்சர்தான் அதற்குக் கண்.

நம்ம அம்மாமார் அடுப்புப் புகையின் நிறத்தைப் பார்த்தே விறகு ஈரமா, காற்றுப் பத்தவில்லையா என்று சொல்வார்கள். சென்சர் செய்வதும் அதே வேலை. இதன் நுனிக்குள் சேர்க்கோனியா என்ற ஒரு வகைப் பீங்கான் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் புகை, மறு பக்கத்தில் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஒட்சிசன் வித்தியாசத்துக்குத் தக்கபடி அது ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். பெற்றோல் கூடியிருந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், காற்று கூடியிருந்தால் ஏறத்தாழ 0.1 வோல்ட். பெட்டி இதைப் பார்த்துப் பார்த்துப் பெற்றோலைக் கூட்டும், குறைக்கும்.

ஆனால் இந்தப் பீங்கான் குளிரில் வேலை செய்யாது. 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் வாய் திறக்கும். புகையின் சூட்டை மட்டும் நம்பியிருந்தால் அதற்கு நேரமாகும். அதனால் சென்சருக்குள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஹீட்டர் நன்றாக இருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் சென்சர் தயாராகிவிடும். நாலு வயரில் இரண்டு இந்த ஹீட்டருக்கு. மற்ற இரண்டும் செய்தி சொல்ல.

ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் கார் நின்றுவிடாது. ஆனால் சென்சர் சூடாகும் வரைக்கும் பெட்டி கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு பொதுக் கணக்கில் பெற்றோலை விடும். நம்ம பக்கத்துக் குளிருக்கும், டவுனுக்குப் போய் வரும் சின்னச் சின்ன ஓட்டத்துக்கும் இது சரியான நட்டம். புகையில் விஷ வாயு கூடும். புகைக் குழாயில் உள்ள வினையூக்கிப் பெட்டியும் நாளடைவில் கெடும். அது போனால் புகைப் பரிசோதனையில் கார் தேறாது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக் கதை

கார் என் அண்ணனுடையது. அண்ணி நாலு வருசம் குவைத்தில் இருந்து அனுப்பிய காசில் வாங்கியது. அண்ணன் அதை ஹயருக்கு ஓட்டுகிறார். ஒரு நாள் காலையில் மீற்றர் பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்தது. அணையவே இல்லை. டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். அவர்கள் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு, "முன் சென்சரும் போச்சு, பின் சென்சரும் போச்சு. இரண்டையும் மாத்தணும், 56,000 ஆகும்" என்றார்கள்.

அப்போது நமது நாட்சம்பளம் 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா. 56,000 என்றால் நாற்பத்தொரு முழுப்பேருக்கும் மேலே. ஒன்றரை மாதம் மலையேறிக் கொழுந்து பறித்த காசு. அண்ணி ஒன்றும் பேசாமல் அலுமாரியைத் திறந்து கைச்சங்கிலியை எடுத்தார், அடகு வைக்க.

நான் குறுக்கே போனேன். "அவசரப்படாதீங்க அண்ணி, நான் பாக்கிறேன்" என்றேன். கைத்தொலைபேசியோடு இணைக்கும் சின்ன ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசிச் சொக்கெட் ஒன்று இருக்கிறது. அதில் மாட்டிப் பார்த்தேன். இரண்டு இலக்கம் வந்தது. பி 0135, பி 0141. முதலாவது முன் சென்சர் ஹீட்டரைப் பற்றியது. இரண்டாவது பின் சென்சர் ஹீட்டரைப் பற்றியது.

இங்கேதான் நான் பிழை விட்டேன். கராஜ்காரர் சொன்னது சரிதான் என்று முடிவு செய்துவிட்டேன். காசு மிச்சம் பிடிக்கலாம் என்று பழைய சாமான் கடையில் முன் சென்சரை மட்டும் 14,000 ரூபாவுக்கு வாங்கினேன். அண்ணன் மாட்டினார். இலக்கத்தை அழித்தோம். லைட் அணைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து லைட் திரும்ப எரிந்தது. அதே பி 0135, அதே பி 0141. திரும்பக் கராஜுக்குப் போனால், "அப்ப கொம்பியூட்டர் பெட்டிதான்" என்கிறார்கள். அதற்கு 85,000.

அந்த வாரம் தீபாவளி. என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்த தம்பி ஒருவன் லீவில் வந்திருந்தான். கொழும்பில் ஒரு கராஜில் கையாளாக இருக்கிறான். பலகாரம் கொடுத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"டீச்சர், ரெண்டு ஹீட்டரும் ஒரே நாள்லயா செத்துச்சு?"

எனக்கு விளங்கவில்லை. அவனே சொன்னான்: "லயத்துல ஒரு வீட்டுல மட்டும் கரண்ட் இல்லன்னா அந்த வீட்டு பல்ப பாப்போம். லயமே இருட்டா இருந்தா யாராச்சும் பல்ப் வாங்கப் போவாங்களா? பியூஸ் பாத்தீங்களா?"

நாங்கள் பார்க்கவில்லை. கராஜிலும் பார்க்கவில்லை. இரண்டு ஹீட்டருக்கும் மின்சாரம் ஒரே பியூஸ் வழியாகத்தான் வருகிறது. அந்தப் பியூஸ் எரிந்து கிடந்தது.

ஸ்கேனர் தரும் இலக்கத்தைப் பற்றி ஒன்றை மனதில் வையுங்கள். பி 0135 என்றால் "முன் சென்சரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு" என்றுதான் அர்த்தம். சுற்று என்றால் பற்றரியிலிருந்து தொடங்கி, பியூஸ், ரிலே, வயர், பிளக், ஹீட்டர், கொம்பியூட்டர் பெட்டி என்று சுற்றி வரும் முழு வழி. அந்த வழியில் எங்கே அறுந்தாலும் அதே இலக்கம்தான் வரும். முறைப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இலக்கம் சொல்லும். எந்தச் சாமானை வாங்க வேண்டும் என்பதை அது சொல்லாது.

பார்க்கும் ஒழுங்கு

அன்றைக்குத் தம்பி காட்டிய ஒழுங்கை நான் கொப்பியில் எழுதி வைத்தேன். செலவில்லாததை முதலில் பார்ப்பது, செலவு கூடியதைக் கடைசியில் பார்ப்பது. அவ்வளவுதான் இதன் தத்துவம்.

முதலில் உயிர்ப் பாதுகாப்பு. புகைக் குழாய் ஆறும் வரை கை வைக்காதீர்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது. காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவதுபோல வந்து ஆளைக் கொன்றுவிடும்.

ஒன்று: எல்லா இலக்கங்களையும் எழுதுங்கள். அழிப்பதற்கு முன்னால் கொப்பியில் எழுதுங்கள். ஒன்று வந்திருக்கிறதா, இரண்டு வந்திருக்கிறதா என்பதே பாதி விடை. ஒரு ஹீட்டர் மட்டும் என்றால் அந்த சென்சரையும் அதன் வயரையும் சந்தேகப்படுங்கள். இரண்டும் ஒன்றாக என்றால் இரண்டுக்கும் பொதுவானதைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டு: பியூஸ். பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் படம் இருக்கும். ஹீட்டருக்கு உரியதைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நடுக்கம்பி அறுந்திருந்தால் எரிந்துவிட்டது. அதே அம்பியர் உள்ள புதிய பியூஸ் போடுங்கள். எங்கள் காரில் 15 அம்பியர். சிலர் 30 போடுவார்கள். சிலர் சிகரட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் போடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். பியூஸ் தான் எரிந்து வயரைக் காப்பாற்றுகிறது. அதைப் பூட்டி வைத்தால் அடுத்து எரிவது வயர், அதற்கடுத்தது கார்.

புதிய பியூஸ் போட்டதும் எங்கள் லைட் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். அண்ணன் காரை எடுத்து, ஸ்டோருக்குக் கீழே இருக்கும் அந்தப் பள்ளத்தில் இறக்கினார். அந்த இடத்திலேயே பியூஸ் திரும்ப எரிந்தது. பியூஸ் காரணமில்லாமல் எரியாது. எங்கேயோ மின்சார வயர் இரும்பில் உரசுகிறது என்று அர்த்தம்.

மூன்று: கண்ணால் பாருங்கள். வயர் போகும் வழி முழுக்க டோர்ச் அடித்துப் பாருங்கள். எலி கடித்திருக்கிறதா? பிளக்குக்குள் பச்சை நிறத் துரு இருக்கிறதா? தண்ணீர் போயிருக்கிறதா? வயரைப் பிடித்து வைக்கும் கிளிப் உடைந்திருக்கிறதா? எங்கள் காரில் பின் சென்சருக்குப் போகும் வயரின் கிளிப் உடைந்து, வயர் தொங்கிப் புகைக் குழாயில் படுத்திருந்தது. சூட்டில் மேலுறை உருகி, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. தோட்டத்து ரோட்டில் கார் குலுங்கும் போதெல்லாம் அந்தக் கம்பி குழாயைத் தொடும். பியூஸ் எரியும். இரண்டு ஹீட்டரும் அணையும். 56,000 என்றும் 85,000 என்றும் சொன்ன பழுது இதுதான்.

பற்றரியின் மைனஸ் பக்கத்தைக் கழற்றினோம். கருகிய துண்டை வெட்டி, அதே மொத்த வயரால் இணைத்து, சூட்டைத் தாங்கும் உறை போட்டு, குழாயிலிருந்து விலக்கிக் கட்டினோம். புதுக் கிளிப் ஒன்று, பியூஸ் இரண்டு. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாவுக்குள் முடிந்தது.

எல்லாருக்கும் இப்படி மூன்றாவது படியிலேயே விடை கிடைக்காது. அதனால் மிச்சத்தையும் கேளுங்கள்.

நான்கு: ஹீட்டரை அளவுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும் போது சென்சரின் பிளக்கைக் கழற்றி, மல்டிமீற்றரை ஓம் பக்கம் திருப்புங்கள். சென்சர் பக்கத்தில் ஒரே நிறத்தில் இரண்டு வயர் இருக்கும். பெரும்பாலும் அவைதான் ஹீட்டர் வயர். பல சென்சர்களில் இரண்டும் வெள்ளை, இன்னும் பலவற்றில் இரண்டும் கறுப்பு. அந்த இரண்டுக்கும் நடுவில் அளவுங்கள். அனேக கார்களில் 3 முதல் 15 ஓமுக்குள் இருக்கும். உங்கள் காரின் திருத்தப் புத்தகம் சொல்லும் கணக்குத்தான் சரியான கணக்கு. மீற்றர் எல்லையே இல்லை என்று காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. அப்போதுதான் சென்சர் மாற்ற வேண்டும். ஹீட்டர் வயருக்கும் சென்சரின் இரும்பு உடம்புக்கும் நடுவிலும் அளவுங்கள். அங்கே தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் உள்ளே உரசுகிறது, அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

இப்போது எங்கள் காரிலிருந்து கழற்றிய இந்தப் பழைய சென்சரை அளக்கிறேன். முன்னால் இருக்கும் தங்கச்சி, மீற்றரைப் பார்த்துச் சத்தமாக வாசியுங்கள். ஆறு ஓம். கேட்டீர்களா? நல்ல ஹீட்டர். இரண்டு நிமிட வேலை. இதை 14,000 கொடுப்பதற்கு முன்னால் நான் செய்யவில்லை.

ஐந்து: மின்சாரம் வருகிறதா பாருங்கள். சாவியைத் திருப்பி, கார்ப் பக்கத்துப் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மீற்றரை மட்டும் நம்பாதீர்கள். வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீற்றர் 12 காட்டும். ஆனால் அந்த இழையால் பாரம் இழுக்க முடியாது. 5 வோட்ஸ் குட்டிப் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை மின்சாரம் வரும் ஊசியிலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். நன்றாக எரிந்தால் வரும் வழி சரி. மங்கினால் வயரிலோ பிளக்கிலோ ரிலேயிலோ குறை.

அதே பல்பைப் பிளக்கின் இரண்டு ஹீட்டர் ஊசிகளுக்கும் நடுவில் வைத்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான கார்களில் பற்றரி மின்சாரம் எப்போதும் ஒரு பக்கம் வந்து நிற்கும். மறு பக்கத்தைப் பூமியோடு சேர்த்து ஹீட்டரைப் போடுவதும் நிறுத்துவதும் கொம்பியூட்டர் பெட்டியின் வேலை. பல்ப் எரிந்தாலோ மின்னினாலோ பெட்டி நல்லது. வரும் வழி சரியாக இருந்தும் இந்தச் சோதனையில் பல்ப் எரியவில்லை என்றால், பிளக்கிலிருந்து பெட்டி வரை போகும் வயரைச் சோதியுங்கள். அதுவும் சரி என்றால்தான் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். பெட்டி என்பது கடைசிச் சந்தேகம். எங்களுக்கு அதை இரண்டாவது சந்தேகமாகச் சொன்னார்கள்.

சென்சர் உண்மையிலேயே போயிருந்தால்

மாற்றத்தான் வேண்டும். அதற்கும் சில முறை இருக்கிறது. பெரும்பாலான சென்சர்களுக்கு 22 மில்லிமீற்றர் ஸ்பானர். வயர் போக வெட்டு வைத்த சொக்கெட் கிடைத்தால் நல்லது. துருப்பிடித்திருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். குழாய் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றினால் மரை கெடாது. புதியதின் மரைக்கு மட்டும், ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூசும் பசையைப் பூசுங்கள். நுனியில் எண்ணெயோ கிரீசோ சிலிக்கனோ படக் கூடாது. கீழே போடக் கூடாது, உள்ளே பீங்கான் உடையும்.

வயரை வெட்டி ஒட்டும் வகை சென்சர் வாங்கினால், சென்சரின் சொந்த வயரில் ஈயம் உருக்கி ஒட்டாதீர்கள். அது வெளிக்காற்றை வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே இழுக்கிறது. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். நசுக்கி இணைக்கும் கிளிப்பைப் பாவியுங்கள்.

இன்னொன்று. ஹீட்டருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரைக் கட்டி, லைட்டை மட்டும் அணைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்பது போன்றது அது. லைட் அணையும், பெற்றோல் நட்டம் தொடரும்.

திருத்தி முடிந்ததும் இலக்கங்களை அழித்து, மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்து சிறிது நேரத்திலேயே முன் சென்சரின் வோல்ட் 0.1க்கும் 0.9க்கும் நடுவில் ஏறி இறங்கத் தொடங்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டியும் லைட் எரியாவிட்டால் வேலை முடிந்தது. எங்கள் கார் அன்றைக்குப் பிறகு இன்று வரை எரியவில்லை.

கராஜில் என்ன கேட்பது?

கராஜ்காரர் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம்ம பிள்ளைகளே நூற்றுக்கணக்கில் கராஜ்களில் எண்ணெயிலும் கரியிலும் வேலை செய்கிறார்கள். நல்ல பாஸ்மாரும் இருக்கிறார்கள். ஆனால் சோதிக்கும் நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, சாமான் மாற்றினால்தான் காசு. அதனால் சோதிக்காமல் மாற்றும் பழக்கம் வளர்ந்திருக்கிறது. சோதித்துச் சொல்பவருக்கு அந்த நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுங்கள். அதுவும் உழைப்புத்தான். உழைப்புக்குக் கூலி கேட்கும் நாம் அதை மறுக்கக் கூடாது.

ஆனால் மாற்ற வேண்டும் என்று சொல்லும் யாரிடமும் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். என்ன இலக்கம் வந்தது, எழுதித் தர முடியுமா? பியூசும் வயரும் பார்த்தீர்களா? ஹீட்டர் எத்தனை ஓம் காட்டியது? நல்ல பாஸ் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், பதில் சொல்வார். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து.

கராஜ்களில் கையாளாக நிற்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. எனக்குப் பாடம் சொல்லித் தந்த அந்தத் தம்பி ஆறு வருசமாக வேலை செய்கிறான். கையில் ஒரு சான்றிதழ் கிடையாது. அதனால் இன்னமும் கையாள் சம்பளம். வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே பழகியவர்களின் திறமையைச் சோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில் அதற்கு விண்ணப்பிக்கலாம். மோட்டார் மெக்கானிக், வாகன மின் வேலை இரண்டையும் அவர்களிடம் விசாரியுங்கள். அந்தத் தம்பியின் விண்ணப்பத்தை நானும் அவனும் உட்கார்ந்து நிரப்பிவிட்டோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நிரப்பித் தரத் தயார். சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுங்கள். அக்கா தங்கச்சிமாரும் வரலாம். மீற்றர் பிடிக்க மீசை வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. அண்ணன் அந்த லைட்டைப் பார்த்தபோது, "நம்ம தலையெழுத்து, பழைய கார் வாங்கினா இப்படித்தான்" என்றார். நாங்களும் பல இடத்தில் அப்படித்தான் பேசுகிறோம். ஒரு மாதம் என் சம்பளத்தில் ஒரு பேர் குறைந்தால் நான் என் கொழுந்து நிறுவையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதே மாதம் மலையில் நின்ற முப்பது பேருக்கும் குறைந்தால், முப்பது பேரும் தனித்தனியாகத் தன்னை நொந்துகொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. முப்பதுக்கும் பொதுவான இடம் எது, செக்ரோலா, தராசா, கணக்கா என்று சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். போன மாதம் சம்பளச் சீட்டுக்குச் சொன்னதும் இந்த மாதம் காருக்குச் சொன்னதும் ஒன்றுதான்.

ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். ஒரு மல்டிமீற்றர், ஒரு சோதனைப் பல்ப், ஒரு சின்ன ஸ்கேனர். மூன்றையும் நமது தோட்டக் கமிட்டி வாங்கி சங்க அறையில் வைக்க வேண்டும். வண்டி வைத்திருக்கும் யாரும் கொப்பியில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், மூன்று நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கு என் பங்காக இரவல் வாங்காமல் நான் சொந்தமாக வாங்கிய இந்த மீற்றரை இப்போதே தலைவர் கையில் ஒப்படைக்கிறேன். அண்ணியும் ஒன்று சொல்லச் சொன்னார். ராத்திரியில் யாருக்காவது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் யோசிக்காமல் வந்து கதவைத் தட்டட்டும், கார் ரெடியாக இருக்கிறது என்று.